ஹம் முதல் ஹனோவர் வரை: ஒரு வீட்டு வண்டியின் புனர்வாழ்வு

வீடு என்பது அசையாப் பொருள் என்று சட்டம் கூறும். கிணற்றடியும் வேலியும் பனங்காணியும் சூழ ஓரிடத்தில் ஊன்றி நிற்பதையே நம்மவரும் வீடென்பர். ஆனால், ஜேர்மன் தேசத்தின் நெடுஞ்சாலைகளிற் கோடைகாலத்திலே பிரயாணஞ் செய்வோர், உருண்டோடும் வீடுகள் பலவற்றைக் காண்பர். அடுப்பு, படுக்கை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் ஒரு வானுக்குள் அடங்கியிருக்கும். குடும்பம் முழுவதும் அதிலேறி மலையடிவாரங்களையும் ஏரிக்கரைகளையும் நாடிச் செல்லும். இத்தகைய வீட்டு வண்டி முதுமை எய்தியபின் அதனைப் பேணுவது எங்ஙனம் என்பதை அருகிலிருந்து காணும் வாய்ப்பு 2024 ஆம் ஆண்டிலே நமக்குக் கிட்டியது.

இவ்வண்டிகளுள் மிகப் புகழ் வாய்ந்தது வொக்ஸ்வாகன் வான் ஆகும். ஒல்லாந்து தேசத்து வணிகரான பென் பொன் என்பார் 1947 ஆம் ஆண்டிலே தமது குறிப்புப் புத்தகத்தில் வரைந்த சிறு சித்திரமே அதற்கு வித்தாக அமைந்தது. 1950 ஆம் ஆண்டில் வொல்ஸ்பேர்க் நகரில் அதன் உற்பத்தி தொடங்கிற்று. 1956 இல் அவ்வேலை ஹனோவர் நகரத்துப் புதிய தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டது. வானை வீடாக்கிய பெருமையோ வெஸ்ட்பாலியா நிறுவனத்தைச் சாரும். 1844 ஆம் ஆண்டில் வீடன்புறுக் என்னும் சிற்றூரில் ஒரு கொல்லுலையாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1951 முதல் வானுக்குள் வைக்கத்தக்க மரத் தளபாடங்களைச் செய்து விற்கலாயிற்று.

நமது பழைய நண்பரொருவர் 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தாயகத்தை விட்டு நீங்கி, ஜேர்மனியின் ஹம் நகரிலே குடியேறியவர். 2002 ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் இராசகோபுரம் அந்நகரின் புறத்தே 17 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. ஆலயத் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் நம்மவர் திரளுவர். நண்பரிடம் 1986 ஆம் ஆண்டில் ஹனோவரில் உற்பத்தியாகி, வீடன்புறுக்கிலே வீடாக்கப்பட்ட வொக்ஸ்வாகன் வான் ஒன்றிருந்தது. நீளம் நாலரை மீற்றருக்குச் சற்றே அதிகம். பின்புறத்தில் 78 குதிரைவலு கொண்ட எஞ்சின். தூக்கி நிறுத்தத்தக்க கூரை. அக்கூரையின் கீழேதான் அவருடைய பிள்ளைகள் விடுமுறை தோறும் உறங்கி வளர்ந்தார்கள்.

நாம் வைகாசியிற் சென்றிறங்கியபோது அவ்வீட்டிலே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வண்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுப்பதா, சீர்செய்வதா என்பதே வழக்கு. கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. சீர்செய்வதாயின் எதனை முதலிற் செய்வது என்பதிலே தகப்பனுக்கும் மகனுக்கும் இணக்கமில்லை. மகன் கூரையிலே சூரிய ஒளித் தகடு, புதுவகைப் பற்றரி, நல்ல குளிர்ப்பெட்டி ஆகியவற்றை விரும்பினான். தகப்பனார் வேறு கணக்குப் போட்டார்.

“தம்பி, ஓடுறது பெரிய காரியமில்லை. நிக்கவேண்டிய இடத்தில நிக்கவேணும். அதை முதலிற் பார்,” என்றார்.

“அப்பா சொல்லுறதும் சரிதான் மாமா. ஆனால், இருக்கிற காசெல்லாம் வெளியில தெரியாத வேலைக்கே போயிடும்,” என்று மகன் நம்மிடம் முறையிட்டான்.

பணம் அளவாகவே இருந்தது. ஐந்து வயதுப் பேர்த்தியோ அவ்வண்டியிலே உறங்கப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டி அம்மம்மா, “இவள் படுக்கிற வண்டி, ஞாபகமிருக்கட்டும்,” என்று ஒரே வார்த்தையிலே தீர்ப்புக் கூறினார். பாதுகாப்பு முன்னும் வசதி பின்னும் என்று முடிவாயிற்று.

முதற்பகை துரு. வண்டியின் பக்கத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களிலே நீர் புகாதபடி பசை பூசப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பசை காய்ந்து வெடிக்க, மழைநீரும் குளிர்காலத்தில் வீதியிலே தூவப்படும் உப்பும் உட்புகுந்து இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சிறு கொப்புளமாகத் தோன்றுவது உள்ளே உள்ளங்கையளவு ஓட்டையாக இருக்கும். சமையல் அலமாரியைக் கழற்றியபோது, குளிர் தாங்குவதற்காகப் பின்னே அடைத்திருந்த பஞ்சு, நீரிலே தோய்த்தது போலிருந்தது. யன்னல்களின் இறப்பர் விளிம்புகள் வெடித்திருந்தமையே காரணம். ஆகையால், இறப்பரை மாற்றாமல் தகட்டை மட்டும் ஒட்டுவது வீண் செலவாகும். நீர் வரும் வழியை அடைத்த பின்னரே, துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பொருத்தி ஒட்டினர். அதற்கு முன் பஞ்சும் பலகையும் திரைச்சீலையும் வெளியேற்றப்பட்டன. ஒரு தீப்பொறி போதும், வண்டி சாம்பலாகிவிடும்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். இவ்வகை வண்டியில் எஞ்சின் பின்னேயும் அதனைக் குளிர்விக்கும் றேடியேற்றர் முன்னேயும் இருப்பதால், நீர் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் ஓடித் திரும்பவேண்டும். முதுமையால் அரித்த குழாய்களையும் வெடித்த இறப்பர் முனைகளையும் மாற்றிய பின், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுதல் தனிக்கலை. வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, றேடியேற்றரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, குமிழியின்றி நீர் வரும்வரை பொறுமையோடு காத்திருந்தனர். காற்று உள்ளே நின்றால் எஞ்சின் கொதிக்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய், நீண்ட இறக்கத்திலே சூடேறிக் கொதித்தால் மிதிகட்டை வெறுமையாய்த் தாழும். எனவே, ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுவது நன்று. ரயர்களின் பக்கத்திலே பொறித்துள்ள நான்கு இலக்கங்களையும் வாசகர்கள் அறிந்துவைத்தல் பயனுடையது. 2309 என்றிருப்பின், அது 2009 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் உற்பத்தியானது என்பது பொருள். நண்பரின் வண்டியிலிருந்தவை அவ்வாண்டினவே. மேற்புறம் புதியன போற் காணப்பட்டும், வயது மிகுந்தமையால் அவை விலக்கப்பட்டன. பெற்றோல் குழாய்களும் அவ்வாறே முழுவதும் மாற்றப்பட்டன.

இவையனைத்தினும் நம் நெஞ்சை நடுங்கச் செய்தது காஸ் அடுப்பின் நிலையே. காஸ் ஏற்பாட்டை ஈராண்டுக்கொருமுறை தகுதி பெற்ற ஒருவர் பரிசோதித்தல் வேண்டும். வந்த பரிசோதகர் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. முதலிலே தரையில் மண்டியிட்டு, காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். அங்கிருக்கவேண்டிய காற்றுத் துவாரத்தை, முன்னைய உடைமையாளர் எவரோ குளிர் புகாதிருக்கும்பொருட்டுக் கம்பளத் துண்டினால் அடைத்து மூடியிருந்தார். சமையல் காஸ் காற்றிலும் பாரமானது. கசிந்தால் மேலெழாது, தரையிலே தேங்கும். அது வெளியேறவே அத்துவாரம். மேலும், பழைய வண்டிகளிற் சில 50 மில்லிபார் அமுக்கத்திற்கும் பிற்காலத்தவை 30 மில்லிபார் அமுக்கத்திற்கும் அமைந்தவை. சிலிண்டரின் சீராக்கி அடுப்பிற் பொறித்துள்ள இலக்கத்தோடு ஒத்திருத்தல் அவசியம். இறப்பர் குழாயையும் சீராக்கியையும் பத்தாண்டுக்கொருமுறை மாற்றவேண்டும். துவாரம் திறக்கப்பட்டது, குழாயும் சீராக்கியும் புதியனவாயின, மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மொனொக்சைட்டை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றும் படுக்கையருகிலே பொருத்தப்பட்டது. அன்று மாலை மகன் சூரிய ஒளித் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எனினும், அவன் விருப்பம் முற்றாகப் புறக்கணிக்கப்படவில்லை. குளிர்ப்பெட்டி 45 வாற்று மின்சாரத்தை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உண்டால், செலவு 360 வாற்று-மணி. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கொண்ட ஈயப் பற்றரியில் அடங்குவது 1200. அதிற் பாதியைத்தான் பற்றரிக்குக் கேடின்றி எடுக்கலாம். அதாவது, ஒன்றரை நாளுக்குச் சற்று மேலே போதும். லிதியம் பற்றரி அதனினும் அதிகந் தரும், பாரமுங் குறைவு. ஆனால், உறைநிலைக்குக் கீழே அதனை மின்னேற்றலாகாது. தனியான மின்னேற்றியும் தேவை. கணக்கைப் பார்த்த மகன், இவ்வாண்டு ஈயப் பற்றரியும் சிறு விளக்குகளும் போதும் என்று தானே கூறினான். பற்றரிக்கு மிக அண்மையிலே பியூஸ் வைத்து, பழைய வயர்களை மாற்றினான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜேர்மனியிலே 30 ஆண்டு கடந்து, நல்ல நிலையிலும் பெரும்பாலும் ஆதியமைப்பிலும் உள்ள வாகனங்களுக்கு, இலக்கத்தகட்டின் இறுதியில் ‘எச்’ எழுத்துப் பொறித்துச் சலுகை வழங்குவர். 1997 முதல் நடைமுறையிலுள்ள இம்முறைப்படி, ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. கண்டபடி மாற்றங்கள் செய்தால் அச்சலுகை கைநழுவும்.

ஆடியிலே வண்டி பரிசோதனையிற் தேறிற்று. அதனைப் பிறந்தகம் கூட்டிச்செல்வதென்று முடிவாயிற்று. ஹம், வீடன்புறுக், ஹனோவர் ஆகிய மூன்றும் ஏ-2 என்னும் ஒரே நெடுஞ்சாலையின் வழியில் இருப்பது நமக்கு வாய்த்த வசதி. ஆலயத்திலே தேங்காய் உடைத்து, சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டோம்.

வீடன்புறுக் எம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த பழம்பதி. 1970 ஆம் ஆண்டில் அயலூரான றேடாவுடன் ஒன்றாயிற்று. மரச்சட்டங்களின் இடையே சுவரெழுப்பிய வீடுகள் அங்கு வரிசையாய் நிற்கின்றன. சட்டங்களிலே விசிறி வடிவச் சித்திர வேலைப்பாடுகள் காணப்படுகின்றன. நூற்றாண்டுகள் பல கடந்த அவ்வீடுகளிலும் உளுத்த சட்டத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புதுமரம் பொருத்தியிருக்கும் இடங்களைக் கண்டோம். வண்டிக்கு நாம் செய்ததும் அதுவே என்று எண்ணி மகிழ்ந்தோம்.

பீலபெல்ட் நகருக்கருகே டொய்ற்றோபேர்க் வனத்துக் குன்றுகள் குறுக்கிடுகின்றன. பாரமேற்றிய லொறிகள் முனகிக்கொண்டு ஏறும் அவ்வேற்றத்திலே பேச்சு நின்றது. எல்லோர் கண்களும் வெப்பங்காட்டும் முள்ளின்மேலேயே பதிந்திருந்தன. முள் நடுவே நின்றது; அசையவில்லை. உச்சியைக் கடந்தபின் இறக்கத்திலே பிரேக்கும் உறுதியாகப் பிடித்தது. தகப்பனார் மகனைப் பார்த்தார், மகன் சிரித்தான்.

பின்னர், வேசர் ஆறு இருமலைகளைப் பிளந்து வெளியேறும் போர்ட்டா வெஸ்ட்பாலிக்காவைக் கண்டோம். மேற்குப்புற மலைமேல் 1896 ஆம் ஆண்டில் எழுப்பிய வில்லியம் சக்கரவர்த்தியின் நினைவு மண்டபம் நெடுந்தூரத்திலிருந்தே தெரிகின்றது. அன்றிரவு ஆற்றோரத்து முகாம் வெளியிலே வண்டியை நிறுத்தி, கூரையை உயர்த்தினோம். புட்டும் சம்பலும் அச்சிறிய அடுப்பிலேயே தயாராயின. பேர்த்தி தன் தகப்பன் ஒருகாலத்தில் உறங்கிய அதே மேற்தட்டிலே உறங்கிப்போனாள்.

மறுநாள் நண்பகலில் ஹனோவரின் ஸ்ரொக்கன் பகுதியை அடைந்தோம். தொழிற்சாலையின் நீண்ட மதிலோரமாக வண்டி மெல்லச் சென்றது. வாயிலண்மையில், தலைநரைத்த தொழிலாளர் ஒருவர் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, நமது வானைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, பக்கத் தகட்டைத் தட்டி, பெருவிரலை உயர்த்திக் காட்டிச் சென்றார். பழையதை வாங்கிப் பேண விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: முதலில் நிற்பதற்குப் பிரேக், பின்னர் நீர் புகா உடல், பின்னர் காஸ், அதன்பின் மின்சாரம், எல்லாவற்றுக்கும் கடைசியிலே அலங்காரம். இவ்வரிசையை மாற்றாதவன் பணத்தையும் காப்பான். உடன் வருவோரின் உயிரையும் காப்பான்.