வெல்டிங் மேசையும் ஓர் இரவுக் காய்ச்சலும்

பட்டிப்பொலவில் வெல்டிங் பழகத் தொடங்கியபோது நிலத்தில் குந்தியிருந்துதான் ஒட்டினேன். முதலில் செய்த முக்காலி ஆடியது. முதுகும் நொந்தது. மேசையொன்று வேண்டும், கையில் காசு குறைவு.

பழைய இரும்புக் கடையில் 6 மில்லிமீற்றர் தகடொன்றை எடைக்கு வாங்கினேன். "ஏன், வீட்டில் ஆம்பிளை இல்லையா?" என்றார் கடைக்காரர். இந்தக் கேள்வியை உங்களிடமும் பலர் கேட்டிருப்பார்கள். பதில் சொல்லாமல், நேரான சட்டமொன்றை வைத்துத் தகடு வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். மேசை கோணினால் அதில் செய்வதெல்லாம் கோணும்.

கால்களில்தான் பிழை விட்டேன். மலிவென்று பழைய கல்வனைஸ் தண்ணீர்க் குழாய்களை ஒட்டினேன். வெண்புகை எழுந்தது. அன்றிரவு நடுக்கமும் காய்ச்சலும். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் உள்ள ஊரல்லவா, குளிர்தான் என்று நினைத்தேன். குழாயில் பூசியிருந்த நாகத்தின் புகையே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. சகோதரிகளே, அந்தக் குழாயை ஒட்டாதீர்கள். அவற்றை அறுத்தெடுத்துவிட்டு, பூச்சில்லாத எல் வடிவ இரும்பில் இடுப்பளவு உயரத்துக்குக் கால் வைத்தேன்.

மழைநாளில் வேலையில்லை. மற்ற நாட்களிலும் காற்றோட்டமான இடத்தில், காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த கையுறையும் கறுப்புக் கண்ணாடி முகமூடியும் போட்டுத்தான். எர்த் கவ்வியை மேசையிலேயே பூட்டுகிறேன். வெல்டிங் குச்சிகள் மூடிய டப்பாவில். இங்குள்ள பனிமூட்டத்துக்கு அவை சீக்கிரம் ஈரம் பிடித்துவிடும்.

பழைய முக்காலியை அந்த மேசையில் வைத்துத் திருத்தினேன். இப்போது ஆடுவதில்லை.