கடல் மணலும் ஒரு கிளாஸ் ரெட் ஒயினும்

ரெட் ஒயின் பற்றி எழுதப் போகிறேன். குடிக்கச் சொல்லி இல்லை, பயப்படாதீங்க. அதுக்கு முன்னாடி உங்களைக் கொஞ்சம் போர்ச்சுகல் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்.

லிஸ்பன் பக்கத்தில், அட்லாண்டிக் கடலை ஒட்டி கொலாரிஷ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கடற்கரை மணலில் ரமிஷ்கு என்ற கருந்திராட்சை விளைகிறது. மணலில் திராட்சையா என்று கேட்பீர்கள். அந்த மணல்தான் அதைக் காப்பாற்றியது.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி, வேரைத் தாக்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். கொலாரிஷ் மணலுக்கு அந்தத் தேவை வரவில்லை. உதிரும் மணலுக்குள் பூச்சியால் வேர் தேடிப் போக முடியாது.

ஆனா மணல்ல தண்ணி நிக்காதே? அடியில் களிமண் இருக்கிறது. ஆழமாகக் குழி வெட்டி, வேர் களிமண்ணைப் பிடிக்கும்படி நட்டார்கள். மணல் சரிந்து மூடினால் முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இருக்கட்டும் என்று, வெட்டுகிறவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவார்களாம். டாக்டரா யோசிச்சா எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மணல் நெஞ்சை இறுக்கினால் விலா விரியாது. மூக்குப் பக்கத்தில் காற்று இருந்தும் உள்ளே இழுக்க முடியாது. வயித்துப் பாட்டுக்காக இறங்கியிருக்காங்க, வேறென்ன சொல்ல.

மேலே உப்புக்காற்று. நாணல் தட்டி கட்டி மறைக்கிறார்கள், கொடியைத் தரையிலேயே படர விடுகிறார்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் வெயில் உச்சத்துக்குப் போகாது. பழம் நிதானமாகப் பழுக்கும், புளிப்பு அவ்வளவு சீக்கிரம் குறையாது. ரமிஷ்கு பழமோ சின்னது, தோல் தடிப்பு.

இந்தத் தோலில்தான் விஷயமே. பெரும்பாலான கருந்திராட்சையின் சாறுக்கு நிறமே கிடையாது. ஒயினின் சிவப்பும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் தோலிலிருந்து வருபவை. பழம் சின்னதானால் சாறுக்குத் தோல் அதிகம். அதனால் இந்த ஒயின் புதுசில் கடும் துவர்ப்பு, பல வருடம் காத்திருந்தால்தான் வழிக்கு வரும்.

அதே தோலில் ரெஸ்வெரட்ரால் என்று ஒரு பொருளும் உண்டு. பூஞ்சை தாக்கும்போதும் புற ஊதாக் கதிர் படும்போதும் செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிப்பது. 1991இல் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' டிவி நிகழ்ச்சி, பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதை ரெட் ஒயினோடு முடிச்சுப் போட்டது. விற்பனை எகிறியது. 'ஹார்ட்டுக்கு நல்லது' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவ அது பெரிய காரணம்.

எங்க ஓபி வரைக்கும் வந்துடுச்சு. போன மாசம் ஒரு அண்ணன், வயசு ஐம்பதுக்கு மேல. பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் ராத்திரி ரெட் ஒயின். "இயற்கையானதுதானே டாக்டர்?" பிபி 190/110.

செடி தன்னைக் காப்பாற்றத் தயாரித்தது அவரையும் காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறார். ரெஸ்வெரட்ரால் ஒயினில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பலவற்றில் கொடுத்ததோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். அப்படிக் கொடுத்தும் இதயத்துக்கு உறுதியான பலன் நிரூபணமாகவில்லை. கூடவே வரும் ஆல்கஹால் பிபியை ஏற்றும். அது புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. கொலாரிஷ் ஒயினானாலும் அதே ஆல்கஹால்தான்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, வாராவாரம் பிபி பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும். நீங்கள் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், இதைப் படித்த வேகத்தில் திடீரென்று நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யாரும் திட்ட மாட்டோம்.