கடலை விழுந்த வழி

விழுப்புரம் தாண்டியாயிற்று. எழுந்து நின்று பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு கடலை நழுவியது. நேராகக் கீழே, செருப்புக்குப் பக்கத்தில்.

நேராகவா?

லெவல் கிராசிங்கில் பச்சைக்கொடியோடு ஒருவர் நின்றிருந்தார். அவர் கணக்கு வேறு. வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கடலை 1.2 மீட்டர் விழ ஏறக்குறைய அரை நொடி. அதற்குள் முன்பக்கமாக 14 மீட்டர் போய்விடுகிறது. அவருக்கு அது நழுவின கடலை இல்லை, வீசின கடலை.

சூரியனை நட்டுவைத்துப் பார்த்தால் அதே அரை நொடியில் 15 கிலோமீட்டர்.

எடுத்து ஊதித் தின்றுவிட்டேன்.

*

இதற்காகவே கப்பலேறியவர் உண்டு. 1640, மார்செய் கடல். கசெண்டி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைப் போடச் செய்தார். கல் பின்தங்கவில்லை, மரத்தின் அடியிலேயே விழுந்தது. கலிலியோ இதைப் புத்தகத்தில் எழுதி அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.

துடுப்புப் போட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கல் போட்டு விளையாட ஒரு கப்பல்.

*

மதுரையில் பஸ்ஸுக்குள் நுழைந்த ஈ. திருச்சி வரை ஜன்னலுக்கும் டிரைவர் தலைக்கும் நடுவே அலைந்தது. திருச்சியில் இறங்கிப் போனது.

எவ்வளவு தூரம் பறந்தது என்று அதைக் கேட்டால் என்ன சொல்லும்?

டிக்கெட்டும் எடுக்கவில்லை.

*

கரண்ட் போன தெரு. ஒரு பையன் சைக்கிள் ஸ்போக்கில் சின்ன விளக்கு மாட்டியிருக்கிறான். சைக்கிள் தெரியவில்லை, பையனும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் வளைவு வளைவாகத் தாவிக்கொண்டு போனது. தரைக்குக் கிட்டே வந்து ஒரு கணம் தயங்கி, மறுபடி எம்பி.

குனிந்து பார்க்கும் பையனுக்கு அது வெறும் வட்டம்.

டயரின் உச்சி சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகம். தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. ஓடுகிற சக்கரத்தின் அடியில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும் ஒரு புள்ளி. இது இன்னும் முழுசாக மனசுக்குப் பிடிபடவில்லை.

*

ரயில் சக்கரத்தில் இன்னொன்று. தண்டவாளத்துக்கு உள்பக்கம், மேல்மட்டத்துக்கும் கீழே கொஞ்சம் இறங்கியிருக்கும் விளிம்பு. அந்த விளிம்பின் அடிப்பகுதி தரையை வைத்துப் பார்த்தால் பின்னால் போகிறது.

மதுரை நோக்கி ஓடும் இந்த வண்டியில் சென்னை நோக்கிப் போகும் இரும்பு கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு சக்கரத்திலும். எந்நேரமும்.

*

அந்த சைக்கிள் விளக்கு டயரின் விளிம்பிலேயே இருந்தால், அது போடும் வளைவுக்கு சைக்ளாய்டு என்று பேர். கலிலியோ வைத்த பேர். ஒரு வளைவு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று தெரியாமல், தகட்டில் வெட்டி எடுத்துத் தராசில் வைத்தார். வட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. அச்சாக மூன்று என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அச்சாக மூன்றுதான். பிறகு ராபர்வால் நிரூபித்தார்.

தராசை நம்பியிருக்கலாம்.

*

'செவ்வாய் வக்கிரம்.' எதிர் சீட்டு அம்மாள் ராசிபலன் படிக்கிறார், உதடு அசைய.

2024 டிசம்பரில் திரும்பிய செவ்வாய், 2025 பிப்ரவரி கடைசி வரை பின்னோக்கி நடந்தது. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை இப்படி. செவ்வாய்க்கு இது தெரியாது. அது தன் பாட்டுக்குப் போகிறது. உள்வட்டத்தில் நாம் வேகமாக வந்து ஓவர்டேக் எடுக்கிறோம், அவ்வளவுதான்.

நாம் முந்திவந்த லாரியைத் திரும்பிப் பார்த்து 'பின்னால் போகிறான் பார்' என்பது. லாரிக்கு அதற்குப் பரிகாரம் வேறு.

செவ்வாயில் யாராவது பஞ்சாங்கம் கணித்தால், அதே வாரங்களில் பூமியும் வக்கிரம்.

*

499. ஆரியபடருக்கு 23 வயது. படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதுபோல, நிற்கும் நட்சத்திரங்கள் மேற்கே ஓடுவதாகத் தோன்றுகிறது என்று எழுதினார்.

வராகமிகிரர் ஒப்பவில்லை. பூமி சுழன்றால் பறவை எப்படிக் கூட்டுக்குத் திரும்பும்?

நல்ல கேள்வி. பஸ் ஈயிடம் பதில் இருக்கிறது.

பின்னால் வந்தவர்களுக்கு இன்னும் சங்கடம். ஆசான் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். எனவே இன்னொரு சுலோகத்தில் 'பூ' என்று இருந்ததை 'பம்' ஆக்கிக்கொண்டார்கள். பூமி போய் நட்சத்திரம் வந்தது. ஓர் அசை. பூமி நின்றுவிட்டது.

*

மாமா வீட்டு எல்.பி. ரெக்கார்டு. ஒரு பக்கம் 20 நிமிடம். முள் அறைக்குள் நகர்ந்தது எட்டு சென்டிமீட்டர் இருக்கும், விளிம்பிலிருந்து நடுவே. தட்டில் உட்கார்ந்த எறும்புக்கோ அதே முள் 400 மீட்டருக்கு மேல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

பாட்டு எந்தத் தூரத்தில் இருந்தது?

*

தட்டாமாலை சுற்றி நின்ற பிறகு வீடு சுற்றும். அம்மா சுற்றுவாள், கிணறு சுற்றும். கிணற்றைப் பிடித்துக்கொள்ளப் போய் அடி வாங்கியது ஞாபகம்.

*

1851, பாரிஸ். ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டார். ஊசலாடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு முழுச் சுற்றுக்கு 32 மணி நேரம், கொஞ்சம் குறைவாக. திரும்பியது குண்டா, கட்டடமா?

டெல்லியில் புது நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒன்று தொங்குகிறது. அங்கே ஏறக்குறைய 50 மணி.

கன்னியாகுமரியில் தொங்கவிட்டால்? டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 170 மணி. ஏழு நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிவிட்டு அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்கலாம்.

நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. அங்கே நின்று பார்த்திருந்தால் ஃபூக்கோவுக்குப் பேரே கிடைத்திருக்காது.

*

வழிகாட்டும் நாவிக் செயற்கைக்கோள்களில் சில நம் தலைக்கு மேல் எட்டுப் போடுகின்றன. ஆர்.டி.ஓ. ஆபீஸ் எட்டு மாதிரியே. ஒரு நாளைக்கு ஒன்று, காலை ஊன்றாமல்.

மேலே அது போவது வட்டம் ஒன்றில்தான், கொஞ்சம் சாய்ந்த வட்டம். எட்டைப் போடுவது கீழே சுழலும் நாம்.

லைசென்ஸ் யாருக்கு?

*

பள்ளியில் நிலாவின் பாதையை ஸ்பிரிங் மாதிரி வரைந்தோம். சூரியனைச் சுற்றும் பூமி, அதைச் சுருள் சுருளாகச் சுற்றும் நிலா. பத்துக்குப் பத்து மார்க்.

சுருளே கிடையாது. சூரியனிலிருந்து பார்த்தால் நிலாவின் பாதை எப்போதும் சூரியன் பக்கமே வளைந்திருக்கிறது, ஓர் இடத்தில்கூட வெளியே திரும்பாமல். முனை மழுங்கிய பலகோணம் மாதிரி, கிட்டத்தட்டப் பெரிய வட்டம்.

மார்க்கைத் திருப்பித் தரச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை.

*

மழை. வெளியே ஆடு மேய்க்கிறவர் குடையை நேராகப் பிடித்திருக்கிறார். என் ஜன்னலில் தாரை கிட்டத்தட்டப் படுத்தே ஓடுகிறது.

1720-களில் பிராட்லி நட்சத்திர வெளிச்சத்தை இப்படிச் சாய்ந்து விழக் கண்டார். பூமி ஓடும் ஓட்டத்துக்குத் தொலைநோக்கியைக் குடை மாதிரி முன்னால் சாய்க்க வேண்டும். எவ்வளவு? ஒரு பாகையில் ஏறக்குறைய 180-ல் ஒரு பங்கு.

அவர் தேடிப்போனது வேறு எதையோ.

*

மழை விட்டது. மேல் பெர்த் பெரியவர் விழித்துக்கொண்டார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, குனிந்து:

'திண்டுக்கல் வந்திருச்சா தம்பி?'

'இன்னும் வரலைங்கய்யா.'

'சரி, வந்தா எழுப்புங்க.'