கோணல் யாருடையது?

இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டன் ஊருக்கு அருகே, அகழி சூழ நிற்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற மர மாளிகை. தென்புறமிருந்து பார்த்தால் அதில் நேர்கோடு என்று காட்ட ஒன்றுமில்லை. மச்சுகள் பிதுங்குகின்றன, தளம் தொய்கிறது, உச்சியில் ஓடும் நீள்கூடம் நெளிகிறது. அந்தக் காலத்துத் தச்சருக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீடு கோணியது கட்டுவித்தவர்களின் ஆசையால். விழாமல் நிற்பது தச்சர்களின் வேலையால்.

சட்டகம் ஓக் மரம். அன்றைய இங்கிலாந்துத் தச்சர்கள் மரத்தைப் பெரும்பாலும் பச்சையாகவே இழைத்தார்கள்; உலர்ந்த ஓக் உளிக்கு லேசில் மசியாது. ஒரு மரத்தில் துளை, மற்றதில் கழுந்து, இரண்டையும் ஊடுருவ ஒரு மர முளை. சூட்சுமம் முளைக்கான துளையில் இருக்கிறது. கழுந்தில் அதைச் சற்றே விலக்கித் துளைப்பார்கள். முளை இறங்க இறங்க மூட்டு தானே இழுபட்டு இறுகும், மரம் உலரும்போது இன்னும் கவ்வும். சட்டகத்தைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோம எண் போலக் கீறி அடையாளமிட்டு, பிரித்துக் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம். கணக்கில்லாதவர் செய்கிற காரியமா இது? இப்படிப்பட்ட மூட்டு பாரம் ஏறினால் உடனே முறியாது. கொஞ்சம் அசைந்து கொடுத்து, சுமையைப் பக்கத்து மரத்துக்குக் கைமாற்றிவிடும். இடையில் குச்சி பின்னி மண் பூசிய சுவருக்குத் தாங்கும் வேலையே இல்லை. (இன்று எல்லோரும் படமெடுக்கும் கறுப்பு-வெள்ளைக் கோலம் பெரிதும் விக்டோரியா காலத்துப் பழக்கம். பழைய தச்சர்கள் ஓக்கைச் சாயமின்றி வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு முதிர விட்டார்கள்.)

பெருங்கூடம் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அடுத்த நூறு ஆண்டுகள் மோர்ட்டன் குடும்பம் ஒட்டுவேலை செய்துகொண்டே இருந்தது. எலிசபெத் அரசி காலத்தில் மழைநாளில் உலாவ நீள்கூடம் வைப்பது செல்வர்களின் நாகரிகம். இங்கே அது தென்கட்டின் தலைமேல் 68 அடி நீளத்துக்கு ஏறியது. கூரைக்கு ஓடு அல்ல, கனத்த மணற்கல் பலகைகள். கீழ்த்தளங்கள் வளைந்தது அந்தப் பாரத்தால்தான். தச்சர் மறுத்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கூலிக்கு வந்தவர், நிலவுடைமையாளரிடம் எவ்வளவு தூரம் மறுத்துப் பேச முடியும்?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: நீள்கூடத்தைப் பிற்காலத்தில் எஃகுக் கம்பிகள் கொண்டு கட்டி நிறுத்தவில்லையா? நிறுத்தினார்கள். ஆனால் அதுவரை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள், தாங்கியது மரமும் முளையும்தான். நின்றவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன, விழுந்த வீடுகளை யார் எண்ணினார்கள் என்பதையும் ஓரளவு ஏற்கிறேன். இந்த வீடு தப்பியதில் தற்செயலும் உண்டு: இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று கடனில் மூழ்கிய குடும்பம், வீட்டைக் குத்தகை விவசாயிகளிடம் விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுக்கூடம் கரிக்கிடங்காகவே ஆகிப்போனது. பணமிருந்தால் இடித்துச் செங்கல்லில் கட்டியிருப்பார்கள். ஆக, இடிபடாமல் தப்பியது வறுமையால். ஆனால் கவனிப்பாரற்ற காலத்திலும் சரியாமல் நின்றதற்கு வறுமை காரணமாக முடியாது.

1938 முதல் வீடு, பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. போகிறவர்கள் முற்றத்துச் சாளரங்களின் மேல் செதுக்கியிருப்பதை நின்று படியுங்கள். 1559-இல் வில்லியம் மோர்ட்டன் செய்வித்ததாகச் சொல்லும் அந்த எழுத்துகளில், செய்த தச்சர் ரிச்சர்ட் டேலின் பெயரும் இருக்கிறது.