ரோல் கேட்டால் கோழி வரும்

பாறசாலையில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து 'டின்னர் ரோல்' என்று கேட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து சிக்கன் ரோல் வெளியே வரும். வேண்டாம் என்றால் மீட் ரோல். அதுவும் வேண்டாம் என்றால் கிரீம் ரோல். மூன்றையும் மறுத்து, உள்ளே எதுவும் வைக்காத, இனிப்பில்லாத சின்ன ரொட்டி என்று விளக்கியதும்தான் கடைக்காரர் முகம் தெளியும். 'பன்தானே?'

பன்தான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து பார்க்கர் ஹவுஸ் ஹோட்டல் 19-ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கிக் கொடுத்த அந்த மெத்தென்ற உருண்டை, நட்சத்திர ஹோட்டல்களில் சூப்போடு துணி போர்த்திய கூடையில் வந்து உட்காரும். களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை நீளும் நெடுஞ்சாலையில் அதற்குக் கூடை கிடையாது. பழைய செய்தித்தாள்தான்.

இந்தப் பகுதி ஹோட்டல்களில் அதைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. ராத்திரி இங்கே பரோட்டாவின் ராஜ்ஜியம். தட்டுக்கடைக் கல்லில் தோசையும் ஆம்லெட்டும்; பக்கத்தில் பீஃப், முட்டை ரோஸ்ட், கடலைக்கறி. அந்தக் குழம்பை உறிஞ்சிக்கொள்ளப் பன்னைவிடத் தோதான பொருள் வேறில்லை என்றாலும், கேட்டால்தான் கிடைக்கும், கேட்பவர்கள் குறைவு. தேடல் பேக்கரிக்கே திரும்புகிறது.

அங்கேயும் ஒரு சிக்கல். அலமாரியில் அடுக்கியிருக்கும் பன்களில் அதிகமும் இனிப்புப் பன்: தேங்காய் வைத்தது, ஜாம் தடவியது, கிரீம் அடைத்தது. காரணம் நாக்கு மட்டுமல்ல. சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இனிப்புப் பன் மறுநாளும் மெத்தென்றிருக்கும். சர்க்கரை குறைந்த பன் காலையில் பஞ்சு, மறுநாள் கட்டை. ஃபிரிஜ்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். விற்காத பன் கடைக்காரருக்கு நஷ்டம். சாதா பன் அலமாரியின் ஓரத்துக்குப் போனது இப்படித்தான்.

வரிக் கணக்கும் இதில் விளையாடியிருக்கிறது. பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று கோவை ஹோட்டல்காரர் ஒருவர் 2024 செப்டம்பரில் நிதியமைச்சரிடம் முறையிட்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட், பேஸ்ட்ரிக்கான 18 சதவீதம் 5 ஆக இறங்கிவிட்டது. கிரீமுக்கு நல்ல காலம். பாவம், வெறும் பன் தனக்கிருந்த ஒரு சலுகையிலும் பெரும்பகுதியை இழந்தது.

நல்ல பன்னைக் கண்டுபிடிக்க பெயர்ப்பலகை உதவாது. கேட்க வேண்டிய கேள்வி, 'போர்மா எங்கே?' அடுப்புக்கு மலையாளத்தில் அதுதான் பேர். கடைக்குப் பின்னாலேயே போர்மா இருந்தால் பாதி வெற்றி. விறகுப் போர்மா என்பது செங்கல்லில் கட்டிய ஒரு குகை. உள்ளே பல மணி நேரம் விறகு எரித்து, கனலை ஓரமாக ஒதுக்கி, நனைத்த சாக்கால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் தட்டுகள் உள்ளே போகும். ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவிப் பார்ப்பார்கள். உடனே கருகினால் சூடு அதிகம். நிதானமாகச் சிவந்தால் பதம். செங்கல் குடித்து வைத்திருக்கும் வெப்பம்தான் பன்னை வேக வைக்கிறது. அந்தச் சூடு ஆறிக்கொண்டே வரும்போது, கடைசியாக, வெட்டிய ரொட்டித் துண்டுகள் ரஸ்க் ஆவதற்காக உள்ளே போகும். எதுவும் வீணில்லை.

விறகுப் புகைதான் ருசி என்று சிலாகிப்பது பாதி கற்பனை. கனலை ஒதுக்கிய பிறகு புகைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கீழிருந்து வரும் அழுத்தமான சூட்டில்தான் விஷயம். பன்னின் அடி நன்றாகச் சிவந்து, தலை மென்மையாக நிற்கும். தட்டில் விரல் இடைவெளி விட்டு வைத்த உருண்டைகள் பொங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் பக்கவாட்டில் வெள்ளையாக, நார்நாராகப் பிரிய வேண்டும். விரலால் அமுக்கினால் எழுந்து வர வேண்டும். புளித்த நெடி அடித்தால் மாவு காத்திருந்தது அதிகம் என்று அர்த்தம்.

கேரளத்து பேக்கரிக் கதை தொடங்குவது வடக்கே, தலைச்சேரியில். பர்மாவில் தொழில் பழகி வந்த மாம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கே பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினார். 1883-இல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவருக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தபோது, பொங்க வைக்க உள்ளூர்ச் சரக்கையே சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் குடும்பத்தின் கிளை திருவனந்தபுரம் வரை வந்து கடை வைத்தது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ரொட்டிக்குப் 'பாண்' என்று பேர்; அது போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். எல்லையில் நிற்கும் இந்தப் பன்னுக்கு உறவினர்கள் பல திசைகளில்.

எல்லை என்பதே இங்கே சற்று தாமதமாக வந்த விருந்தாளி. 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே நிர்வாகம்தான். அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. பலகைகளில் எழுத்து மாறியது. ஊரம்பிலும் பனச்சமூட்டிலும் சந்தைக்கு வருபவர்கள் அவசரத்துக்கு எந்த மொழி வாயில் வருகிறதோ அதில் பேரம் பேசுகிறார்கள். 2020 ஊரடங்கில் களியக்காவிளையில் பாதையை மறித்தபோதுதான், கூப்பிடு தூரத்துக் கடை வேறு மாநிலம் என்பது பலருக்கு உறைத்தது.

பன் தேடி வருபவர்கள் கடையைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. தட்டு வெளியே வரும் நேரம் கடைக்குக் கடை வேறு. கேட்டால் மறைக்க மாட்டார்கள். சூடாக இருக்கும்போது பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினால் வேர்த்துத் தோல் சுருங்கிவிடும். காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லி, ஒட்டியது ஒட்டியபடியே ஒரு வரிசையாக வாங்க வேண்டும். பிரித்துக் கொடுத்த பன் வீடு போவதற்குள் காய்ந்துவிடும். முட்டை ரோஸ்ட்டைப் பக்கத்துத் தட்டுக்கடையில் தனியாகப் பொட்டலம் கட்டித் தருவார்கள்.