கைகாட்டி மரம்

ஜவ்வாது மலைமேல் இருப்புப்பாதை இல்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து கிழக்கே இறங்கிப் போளூரை அடைந்தால் தொடர்வண்டியைக் காணலாம். மலைப்பள்ளியில் நான் பணியாற்றிய நாள்களில் அவ்வழியே சென்றது விழுப்புரம் - காட்பாடி மீட்டர் பாதை. நடைமேடையில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது கைகாட்டி மரத்தையே நோக்கியிருப்பேன்.

உயர்ந்த கம்பத்தில் வெள்ளைப் பட்டை தீட்டிய சிவப்புக் கை ஒன்று இருக்கும். அது கிடையாக நீண்டிருந்தால் ‘நில்’ என்று பொருள். தாழ்ந்து சாய்ந்திருந்தால் ‘செல்’ என்று பொருள். இரவில் கையோடு இணைந்த வண்ணக் கண்ணாடிகள் மண்ணெண்ணெய் விளக்கின்முன் மாறி நிற்கும். ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம் கலந்தது. விளக்கின் மஞ்சள் சுடரோடு சேர்ந்து அந்நீலம் பச்சையாகத் தோன்றும்.

நிலையத்திலுள்ள நெம்புகோலை இழுத்தால், தரையோரம் நெடுந்தொலைவு ஓடும் கம்பி கையைத் தாழ்த்தும். அந்த நெம்புகோலையும் நினைத்தவுடன் இழுத்துவிட இயலாது. வண்டி செல்லவேண்டிய பாதைக்குத் தண்டவாளம் மாற்றப்பட்டுப் பூட்டப்பட்ட பின்னரே அது அசையும்படி பொறிகளைப் பிணைத்திருப்பர்.

“கம்பி அறுந்துபோனால் என்னாகும்?” என்று முதிய ஊழியர் ஒருவரிடம் வினவினேன்.

“கை தானா மேல ஏறிடும் ஐயா. வண்டி நின்னுடும். நேரந்தான் ஆகும், உயிருக்கு ஒண்ணும் ஆகாது” என்றார்.

கம்பத்தில் ஓர் எடை பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பியின் இழுவிசை இருக்கும்வரை அவ்வெடை உயர்ந்து நிற்கும். இழுவிசை நீங்கினால் கீழிறங்கிக் கையைக் கிடைநிலைக்கு உயர்த்திவிடும்.

இவ்வொழுங்கின் அருமையை உலகம் துயரத்தின் வாயிலாகவும் கற்றது. இங்கிலாந்தில் முன்பு பல பாதைகளில் ‘செல்’ என்பதே கைகாட்டியின் இயல்புநிலையாக இருந்தது. 1876 சனவரியில் அபட்சு ரிப்டன் என்னுமிடத்தில் கடும்பனி உறைந்து கைகாட்டிகளை இறுக்கியது. நெம்புகோலைத் திருப்பியும் கைகள் உயரவில்லை. விரைவு வண்டியொன்று நிலக்கரி வண்டிமீது மோதியது. அச்சிதைவின்மீது மற்றொரு விரைவு வண்டியும் மோதியது. அதன்பின் ‘நில்’ என்பதை இயல்புநிலையாக்கும் முறை வலுப்பெற்றது.

இன்று அந்தப் பாதை அகலப்பாதையாகிவிட்டது. கைகாட்டிகள் இருந்த இடங்களில் மின்விளக்குகள் ஒளிர்கின்றன. விளக்கு அணைந்து கிடந்தாலும் ஓட்டுநர் அதனை ‘நில்’ என்றே கொள்ளவேண்டும் என்பது விதி.

மாணவர்களே, பழுதுபடாத பொருள் என ஒன்றும் உலகில் இல்லை. பழுதுபடும் வேளையில் அது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பதை முன்னரே எண்ணி அமைத்தவர்கள், தாம் ஒருபோதும் காணாத பயணிகளின் உயிரைக் காத்தார்கள்.