மகள் கேட்ட கேள்வியும் வீட்டுக் கணினியும்



புதுச்சேரி முல்லா வீதியில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் ஏழெட்டு ஆண்டுகளாக இருந்தது உரிமமில்லாத விண்டோஸ் 10. கடைக்காரர் போட்டுக் கொடுத்தார், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. 2025 அக்டோபர் 14-இல் அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டபோது வீட்டில் பேச்சு எழுந்தது. "அத்தா, இது நாம் விலை கொடுத்து வாங்கியதா?" என்றாள் மகள். மதரஸா பாடக் குறிப்புகளை அவள் அதில்தான் தட்டச்சு செய்கிறாள். எனக்கு நா எழவில்லை.

ஒன்று, விலை கொடுத்து வாங்க வேண்டும். அல்லது, உரியவர்களே மனமுவந்து தருவதைப் பெற வேண்டும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இரண்டாம் வகை. அதைப் படியெடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் உரிமமே இடம் தருகிறது.

ஆனால், எதைத் தேர்வது? தொழுகை நேரமும் குர்ஆன் செயலியும் சேர்த்து, முஸ்லிம்களுக்கென உபுண்டுவிலிருந்து உருவான 'சபிலி' என்ற பெயரைக் கேட்டதும் உள்ளம் தாவியது. அதன் வெளியீடுகளோ 2011-உடன் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அமைப்பைப் பெயருக்காக வீட்டில் வைப்பது அறிவுடைமையன்று. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸையும் எண்ணிப் பார்த்தேன். எங்கள் கணினியின் நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்பதால், இலகுவான 'லினக்ஸ் மின்ட்' எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் மனம் நிலைத்தது. அலுவலகச் செயலிகளும் இணைய உலாவியும் அதனுடனேயே வருகின்றன.

நிறுவும் முன் மூன்று நாள் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தோம். வைஃபை, அச்சுப்பொறி, தமிழ்99 விசைப்பலகை யாவும் இயங்கின. என் கடையின் கணக்கு மென்பொருள் மட்டும் இயங்கவில்லை. அதுவும் உரிமமில்லாப் பிரதியே என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு திருட்டைக் களையப் போய் இன்னொன்றைக் கண்டேன். கணக்கை லிப்ரே ஆஃபிஸ் விரிதாளுக்கு மாற்ற இரண்டு வாரம் பிடித்தது. இன்றும் சற்றுச் சிரமமே.

நீங்களும் மாற எண்ணினால், முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். நிறுவும்போது வட்டு அழியக்கூடும். அவசரம் வேண்டாம், பயன்படுத்திப் பார்த்தே முடிவெடுங்கள்.

உணவில் ஹலால் தேடும் நாம், கண்ணுக்குத் தெரியாத பொருளில் அதை மறந்துவிடுகிறோம். சென்றதை அல்லாஹ் மன்னிப்பானாக. மகளின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.